டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனை ஓபியாய்டு மாத்திரை?

அறுவை சிகிச்சை நடக்கும்போது ஒவ்வொரு மருந்தின் அளவையும் நோயாளியின் எடை, வயது, சிறுநீரகம் என்று பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறோம். ஆனால் அவர் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் ட்ரமடால், கோடீன் போன்ற ஓபியாய்டு (அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து) எத்தனை மாத்திரை என்பதைப் பெரும்பாலும் பழக்கத்தில் எழுதிவிடுகிறோம். போன நோயாளிக்குப் பத்து நாள் எழுதினோம், இவருக்கும் பத்து நாள். மயக்கவியல் மருத்துவராக எனக்கு மிகவும் உறுத்துவது அந்த எண்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓபியாய்டே கூடாது என்பவன் அல்ல நான். வயிற்றையோ நெஞ்சையோ திறந்து செய்த ஆபரேஷனுக்குப் பிறகு, முதல் இரண்டு மூன்று நாட்களில் மார்பின் போன்ற மருந்து பலருக்குத் தேவைப்படும். வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு இழுக்காதவருக்குச் சளி தேங்கி நிமோனியா வரும். எழுந்து நடக்காதவருக்குக் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும். ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி மருந்தை மறுப்பதும் மோசமான வைத்தியம்தான்.

ஆனால் இந்த மருந்துகளால் அடிமைத்தனம் வராது என்று மருத்துவ உலகம் நீண்ட காலம் நம்பியது. அந்த நம்பிக்கைக்கு முட்டுக்கொடுத்தவற்றுள் ஒன்று, 1980-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஐந்தே வாக்கியக் கடிதம். மருத்துவமனையில் ஓபியாய்டு பெற்ற சுமார் 12,000 பேரில் நான்கு பேர்தான் அடிமையானதாகப் பதிவாகியிருந்தது என்றது அது. வார்டில், நர்ஸ் கையால், சில நாட்கள் மருந்து பெற்றவர்களின் கணக்கு அது. அதையே வீட்டுக்கு மாதக்கணக்கில் எழுதித் தருவதற்கும் ஆதாரமாக்கிக்கொண்டார்கள். அப்புறம் அமெரிக்காவில் ஏராளமானோர் இந்த மருந்துகளுக்கு அடிமையாகி உயிரிழந்தது உலகத்துக்கே தெரியும்.

அங்கே 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று, அதற்கு முன் ஓபியாய்டு பழக்கம் இல்லாத 36,000-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பார்த்தது. மூன்று மாதம் கழிந்த பிறகும் மருந்துச்சீட்டைப் புதுப்பித்து வாங்கியவர்கள் ஏறக்குறைய 6 சதவீதம். சின்ன ஆபரேஷன், பெரிய ஆபரேஷன் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே விகிதம் என்பதுதான் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது. காயத்தின் வலிதான் காரணம் என்றால் இரண்டும் வேறுபட்டிருக்க வேண்டுமே! புகைப்பழக்கம், மதுப்பழக்கம், மனச்சோர்வு, ஆபரேஷனுக்கு முன்பே இருந்த நாள்பட்ட வலி இவைதான் ஆபத்தைக் கூட்டின. இவற்றை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.

மிச்சிகன் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளிடம் நடந்த இன்னோர் ஆய்வில், எழுதிக் கொடுத்ததில் கால்வாசி அளவு மாத்திரைதான் செலவாகியிருந்தது. அதைவிட முக்கியம், யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதை அவர்கள் சொன்ன வலியைக் காட்டிலும் நாம் எழுதிய எண்ணே அதிகம் தீர்மானித்தது. அதிகம் கொடுத்தால் அதிகம் சாப்பிடுகிறார்கள். டாக்டர் முப்பது கொடுத்தார் என்றால் முப்பதும் தேவைப்படும்போல என்று நினைப்பது இயல்புதானே.

சரி, எப்படி முடிவு செய்வது? கிளம்புவதற்கு முந்தைய 24 மணி நேரத்தின் மருந்துப் பதிவேட்டைப் புரட்டினால் பாதி விடை அதிலேயே இருக்கும். அந்த ஒரு நாளில் ஓபியாய்டு கேட்காதவருக்கு வீட்டிலும் பெரும்பாலும் தேவைப்படாது. மீதி விடைக்கு நோயாளியைப் பார்க்க வேண்டும். “வலி பத்துக்கு ஏழு இருக்கு டாக்டர்” என்பார் ஓர் அம்மா. “சரிம்மா, தலையணையைக் காயத்து மேல அணைச்சுக்கிட்டு ஒரு தடவை நல்லா இருமுங்க” என்பேன். நன்றாக இருமுவார். காலையில் தானே எழுந்து குளியலறைக்குப் போய் வந்ததாகவும் சொல்வார். பக்கத்துக் கட்டில் ஐயா “மூணுதான்” என்பார். ஆனால் மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்காது. மருந்து கூடுதலாகத் தேவைப்படுவது அவருக்குத்தான்.

அடித்தளம் பாரசிட்டமால். வலி வந்த பிறகு தேடாமல், நேரத்துக்கு நேரம் போட வேண்டும். கல்லீரல் நன்றாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. ட்ரமடாலோடு பாரசிட்டமாலும் கலந்த மாத்திரைகள் உண்டு, அதைத் தனிக் கணக்காக நினைத்து இரட்டிப்பாகச் சாப்பிட்டுவிடுகிறார்கள். சிறுநீரகமும் வயிறும் இடம்கொடுத்தால் ஐபுப்ரோஃபென் வகை ஒன்றைச் சேர்க்கலாம். ஆபரேஷனின்போதே நரம்பு மரக்க ஊசி போட்டிருந்தால் இன்னும் நல்லது. இவ்வளவுக்கும் அடங்காத வலிக்குத்தான் ஓபியாய்டு, அதுவும் சில நாட்களுக்கு மட்டும். மெல்ல மெல்லக் கரையும் நீண்டநேர வகை மாத்திரைகளுக்குப் புதுக்காய வலியில் வேலை இல்லை.

உயிருக்கு ஆபத்து மூச்சு அடங்குவதில் இருக்கிறது. அதற்கு முன் தூக்கம்தான் அசத்தும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகினால், எழுப்பினாலும் சரியாக எழாவிட்டால், அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று குறட்டை விடுபவர்களும் சிறுநீரகம் பழுதானவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுபவர்களும், வலிப்பு வந்தவர்களும் ட்ரமடால் என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கோடீனும் ட்ரமடாலும் வேண்டாம். சிலருடைய உடல் அவற்றை மிக வேகமாக வீரியமான பொருளாக மாற்றி, மூச்சையே நிறுத்திவிடும்.

மலச்சிக்கல் ஏறக்குறைய நிச்சயம். அதற்கான மருந்தை முதல் நாளே சேர்த்துக் கேளுங்கள். மீந்த மாத்திரைகளைப் பிறகு உதவும் என்று அலமாரியில் வைக்காதீர்கள், வீட்டில் இன்னொருவரின் பல்வலிக்கும் கொடுக்காதீர்கள். எங்கே திருப்பித் தரலாம் என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. நாளுக்கு நாள் குறைந்துவந்த வலி ஐந்தாறு நாள் கழித்துத் திரும்ப ஏறினால், மாத்திரையைக் கூட்டிக்கொள்ள வேண்டாம். உள்ளே சீழ் பிடித்திருக்கலாம், தையல் விட்டிருக்கலாம். அன்றைக்கே வந்து காயத்தைக் காட்டுங்கள்.