ஃபுரியோ: இளங்குற்றவாளி அல்ல, அடங்காப் பிள்ளை

ஜப்பானியப் பள்ளிச் சண்டைப் படங்களைப் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் ‘இளங்குற்றவாளிகள் படிக்கும் பள்ளி’ என்ற தொடரைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. ‘ஹை அண்ட் லோ’ 2015இல் தொலைக்காட்சித் தொடராகத் தொடங்கிப் பல படங்களாக வளர்ந்த வரிசை. அதன் முன்கதையை முழுக்கப் பெண்களே நடிக்கும் தக்கராஸுகா குழு 2022இல் மேடையேற்றியது. அதன் பதிவைப் பார்த்துவிட்டுத் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினால், அங்கும் அதே இளங்குற்றவாளி. அந்தக் கதையில் வரும் ஓயா உயர்நிலைப் பள்ளிப் பையன்களை அப்படி அழைப்பது கதையையே திரிப்பதாகும்.

மூலச் சொல் ‘ஃபுரியோ’. இரண்டு சீன எழுத்துகள்: ‘ஃபு’ என்றால் அல்லாதது, ‘ரியோ’ என்றால் நல்லது. நல்லதல்லாதது, அவ்வளவுதான். பழுதான சரக்கு, திரும்பி வராத வங்கிக் கடன், வயிற்றுச் செரிமானக் கோளாறு எல்லாவற்றுக்கும் இதே சொல்லை ஒட்டித்தான் ஜப்பானியர் பெயர் வைத்திருக்கிறார்கள். இதில் சட்டம் எங்கே இருக்கிறது? காவல் நிலையம் எங்கே இருக்கிறது?

குற்றத்தைச் சொல்ல அந்த மொழியில் வேறு சொற்கள் இருக்கின்றன. 1948ஆம் ஆண்டின் சிறார் சட்டம் மூன்று வகையினரைப் பிரிக்கிறது: 14 வயது நிரம்பியபின் குற்றம் செய்தவர், 14 வயது நிரம்பாமல் சட்டத்தை மீறியவர், குற்றத்தில் இறங்கக்கூடும் என்று அஞ்சத்தக்கவர். மூவரையும் சேர்த்துச் சுட்டும் சொல் ‘ஹிகோ ஷோனென்’. காவல்துறையின் விதிகளில் இதற்கு வெளியே இன்னொரு வகை உண்டு. புகை பிடிப்பது, மது அருந்துவது, நள்ளிரவில் தெருவில் சுற்றுவது போன்றவற்றைச் செய்கிற, ஆனால் மேற்சொன்ன மூன்றிலும் சேராத சிறார். அவர்களுக்கான பெயரில்தான் ‘ஃபுரியோ’ வருகிறது. ஜப்பானியக் காவல்துறையே கவனமாகப் போட்டுவைத்த கோட்டைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லால் அழித்துவிடுகிறார்.

‘இளங்குற்றவாளி’ எப்படி நுழைந்தது என்பது தெரிந்த கதைதான். ஜப்பானியம் முதலில் ஆங்கிலமாகிறது, ஆங்கிலம் அகராதி வழியே தமிழாகிறது. ‘டெலிங்க்வென்ட்’ என்ற அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குக் கடமையில் தவறுவது என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் இன்றும் வரி கட்டத் தவறியவரை அப்படிச் சொல்கிறார்கள். தமிழுக்கு வரும்போது அந்த மெல்லிய பொருள் உதிர்ந்து நீதிமன்றப் பொருள் மட்டும் மிஞ்சிவிட்டது. இந்தியச் சட்டமே அந்தச் சொல்லைத் தூக்கி எறிந்தாயிற்று. 1986ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் இருந்தது. 2000ஆம் ஆண்டின் சட்டத்தில் ‘சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்’ என்று மாறியது. தீர்ப்புக்கு முன்பே ஒரு பிள்ளையைக் குற்றவாளி என்று முத்திரை குத்தக்கூடாது என்ற நல்லெண்ணம் அதில் இருக்கிறது. சட்டம் கைவிட்டதை வசன வரி எழுதுவோர் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

சிலர் ‘ரவுடி மாணவர்கள்’ என்று எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம். தமிழ்நாட்டில் ரவுடி என்றால் மாமூல் வசூலிப்பவன், காவல் நிலையப் பட்டியலில் பெயர் இருக்கும் ஆள். பள்ளிச் சீருடைக்குள் அவனைத் திணிக்க முடியாது. ‘தறுதலை’ நல்ல தமிழ். எனக்குப் பிடித்த சொல்லும்கூட. ஆனால் அது அப்பா மகனைத் திட்டும் சொல். எந்தப் பையனும் ‘நான் தறுதலை’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லமாட்டான். இந்தக் கதைகளிலோ ‘ஃபுரியோ’ என்று தன்னைச் சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமிதம் இருக்கிறது.

நான் சொல்வது ‘அடங்காப் பிள்ளை’. ஜப்பானியத்தின் ‘ஃபு’ செய்யும் வேலையைத் தமிழில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் எப்போதோ செய்துகொண்டிருக்கிறது. அவர்களுடைய ஃபுரியோ கடன் நமக்கு வாராக்கடன். அவர்களுடைய ஃபுரியோ செரிமானம் நமக்குச் செரியாமை; இது தொழிற்பெயர் என்றாலும் எதிர்மறை அதேதான். அந்த வரிசையில் அடங்காப் பிள்ளை தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ‘அடங்காமை’ திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரத்து முதல் குறளிலேயே இருக்கிறது. அங்கே அது கண்டனம். ‘அடங்காத காளை’ என்று வாடிவாசலில் சொன்னால் அதே சொல் புகழ்ச்சி. பழிப்பும் பெருமையும் ஒரே சொல்லில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

உடையைப் பார்த்தாலே இது விளங்கும். ஜப்பானிய ஆண்பிள்ளைகளின் நின்ற கழுத்துக் கறுப்புச் சீருடை ‘ககுரான்’. அதன் மேலங்கியை முழங்காலைத் தொடும் அளவுக்கு நீட்டித் தைத்தால் ‘சோரான்’, இடுப்போடு வெட்டினால் ‘தன்ரான்’. தொடையில் தொளதொளவென்று அகன்று கணுக்காலில் இறுகும் காற்சட்டை ‘பொன்தான்’. பள்ளி எந்த அளவைச் சொல்கிறதோ அந்த அளவில் தைக்க மறுப்பதே இந்தப் பிள்ளைகளின் முதல் கலகம். அது குற்றமில்லை, அடங்காமை. அதே பிள்ளைகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட விதிக்கு அடங்குவார்கள். நூறு குத்துகளை வாங்கியும் தாங்கி நிற்பவனே ஓயா பள்ளியின் தலைவன். ஆசிரியருக்கு வளையாத கழுத்து அவனுக்கு வளைகிறது. தக்கராஸுகா மேடையில் ஆண் வேடமிட்ட பெண்கள் தோளை விரித்து, காலை அகட்டி நிற்கும் நிற்பிலேயே இது வந்துவிடுகிறது. சண்டைகள்கூட நடனமாகத்தான் நகர்கின்றன. அந்த நிற்புக்குக் கீழே ‘இளங்குற்றவாளி’ என்று எழுதினால் பார்ப்பவர் கத்தியைத் தேடுவார்.

‘யாங்கீ’ என்ற சொல்லிலும் இதே கவனம் தேவை. அமெரிக்கரைக் குறிக்கும் பெயரிலிருந்து கிளைத்த சொல்தான், ஆனால் ஜப்பானில் இன்று அது உள்ளூர் அடங்காப் பிள்ளையைத்தான் குறிக்கிறது. அதை ‘யாங்கி’ என்று எழுதி விட்டுவிட்டால் தமிழ் வாசகர் அமெரிக்காவைத் தேடிப் போவார். பெண் தலைவியைக் குறிக்கும் ‘சுகேபான்’ வரும்போது ‘அடங்காப்பிடாரி’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள், அது பெண்ணை ஏசும் சொல். ‘அடங்காப் பெண்களின் தலைவி’ என்றால் போதும்.

கதையில் நீதிமன்றம் வந்து, ‘ஹிகோ ஷோனென்’ என்ற சொல்லே காதில் விழுந்தால் மட்டும் ‘சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்’ என்று எழுதலாம். அங்கேயும் இளங்குற்றவாளி வேண்டாம்.