புது புஷ் ஏன் சீக்கிரமே கிழிந்துபோகிறது?

பத்து, பதினைந்து வயதான சொகுசு கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் ஒரு கட்டு பில்லோடுதான் வருகிறார்கள். பிரேக் டிஸ்க் மாற்றியாயிற்று, டயர் மாற்றியாயிற்று, வீல் பேலன்சிங் பார்த்தாயிற்று. ஆனாலும் 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை லேசாக மிதித்தால் ஸ்டீயரிங் படபடவென்று ஆடுகிறது. வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், முன்பக்க கன்ட்ரோல் ஆர்மில் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் உலோகக் கை) இருக்கும் புஷ் கிழிந்து, ஆர்ம் மேல் ஏதோ திரவம் வழிந்து அழுக்கேறிய தடம் தெரியும்.

புஷ் என்பது பெரிய விஷயமே இல்லை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உலோகக் குழாய், நடுவில் அவற்றோடு ஒட்டிய ரப்பர். வெளிக்குழாய் ஆர்முக்குள் இறுக்கமாக அமர்ந்திருக்கும். உள்குழாயைப் போல்ட் சப்ஃப்ரேமோடு, அதாவது அடிச்சட்டத்தோடு, நெரித்துப் பிடித்திருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது பேரிங் மாதிரி இங்கே எதுவும் சுழல்வதில்லை. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு மறுபடி பழைய நிலைக்கு வருகிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், பழுதைக் கண்டுபிடிப்பது முதல் மாற்றுவது வரை மீதி எல்லாம் புரிந்துவிடும்.

சொகுசு கார்களில் இந்தத் தொல்லை கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. 1982-இல் வந்த மெர்சிடிஸ் 190 காரின் பின்பக்கம், ஒரு சக்கரத்துக்கு ஐந்து ஆர்ம். 1994-இல் வந்த ஆடி ஏ4 காரின் முன்பக்கம், ஒரு சக்கரத்துக்கு நான்கு. மெத்தென்ற ஓட்டமும் துல்லியமான ஸ்டீயரிங்கும் ஒரே வண்டியில் வேண்டும் என்றால் இப்படித்தான் பல ஆர்ம்களாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஆர்ம் கூடினால் புஷ்ஷும் கூடும். போதாததற்குச் சில புஷ்களுக்குள் திரவ அறைகள் வேறு இருக்கும். குறுகிய வழியாகத் திரவம் ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வரும்போது அதிர்வு அடங்குகிறது. ரப்பர் கிழிந்து திரவம் வெளியேறிவிட்டால், அந்தப் புஷ் இருந்தும் பெரிய பயன் இல்லை.

"வண்டி அதிகம் ஓடவே இல்லையே, ஷெட்டில்தானே நின்றது?" என்று கேட்பார்கள். ரப்பர் கிலோமீட்டரை மட்டும் எண்ணுவதில்லை. வெப்பம், காற்றிலுள்ள ஓசோன், எங்கிருந்தோ சொட்டும் இன்ஜின் ஆயில் எல்லாம் சேர்ந்து, நிற்கிற வண்டியிலும் அதைக் கெடுக்கும். ஆயில் பட்டால் ரப்பர் ஊறி உப்பி, பிசுபிசுத்துவிடும். அதனால் ஆயில் கசிவைச் சரிசெய்யாமல் அதற்குக் கீழே இருக்கும் புஷ்ஷை மாற்றுவது வீண்வேலை.

டிஸ்க் மாற்றியதும் கொஞ்ச நாள் ஆட்டம் குறைந்ததே, அது எப்படி? டிஸ்க்கின் தடிமனில் மிகச் சிறிய ஏற்ற இறக்கம் இருந்தாலும் பிரேக் பிடிக்கையில் ஒரு துடிப்பு வரும். நல்ல புஷ் அதை அங்கேயே விழுங்கிவிடும். கிழிந்த புஷ் அதை ஸ்டீயரிங் வரைக்கும் அனுப்பும். புது டிஸ்க்கில் துடிப்பு இல்லை, அதனால் ஆட்டமும் இல்லை. டிஸ்க் கொஞ்சம் தேய்ந்ததும் கதை மறுபடி தொடங்கும். டயர் விஷயமும் இப்படித்தான். சக்கரங்களின் கோணத்தை அளக்கும் அலைன்மென்ட் அறிக்கையில் எல்லாம் பச்சை நிறம், ஆனால் டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகியிருக்கும். அலைன்மென்ட் நிற்கிற வண்டியில் எடுக்கப்படுகிறது. ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் தளர்ந்த புஷ் ஆர்மை நகரவிட்டால், சக்கரத்தின் கோணம் அந்த அறிக்கையில் இருக்கும் கோணம் இல்லை.

சோதிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. லிஃப்டில் சக்கரம் தொங்கும்போது ரப்பர் முறுக்கிய நிலையில் இருப்பதால் மேலோட்டமான வெடிப்புகூடப் பயங்கரமாகத் தெரியும். அதைக் காட்டி எல்லாவற்றையும் மாற்றச் சொல்பவர்களும் உண்டு. மேலே மெல்லிய கீறல் இருப்பது வயதின் அடையாளம், அவ்வளவுதான். ரப்பர் குழாயிலிருந்து பிரிந்திருக்கிறதா, ஆழமாகக் கிழிந்திருக்கிறதா, திரவம் கசிகிறதா, கடப்பாரைக் கம்பியால் நெம்பினால் அளவுக்கு மீறி அசைகிறதா என்பதுதான் கேள்வி. சக்கரங்கள் தரையை அழுத்தும் நிலையிலும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சரி, மாற்றுவதற்கு வருவோம். பால் ஜாயின்ட்டைத் (ஆர்மின் சக்கரப் பக்கத்து முனையில் இருக்கும் உருண்டை மூட்டு) தனியாகக் கழற்ற முடியாத ஆர்ம் என்றால், அந்த மூட்டும் பழசாகிவிட்ட நிலையில் முழு ஆர்மையே மாற்றுவது புத்திசாலித்தனம். புஷ் மட்டும் போதும் என்றால் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி எடுத்து, புதியதை அதே ஆழத்துக்கு ஏற்ற வேண்டும். பல புஷ்களில் ரப்பருக்குள் வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள். ஒரு திசையில் மென்மை, இன்னொரு திசையில் விறைப்பு. குறியைப் பார்க்காமல் திருப்பிப் போட்டால் வண்டியின் குணமே மாறிவிடும். அலுமினிய ஆர்மில் பழைய ரப்பரைத் தீவைத்து எரித்து எடுப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சூட்டில் அலுமினியம் வலுவிழந்துவிடும், அது வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் போல்ட்டை இறுக்கும் இடத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். வண்டி லிஃப்டில் இருக்கும்போதே, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே முழுக்க இறுக்கிவிடுவார்கள். அந்தக் கணத்தில் ரப்பருக்கு அந்தத் தொங்கல்தான் ஓய்வு நிலை. வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. நிறுத்தி வைத்திருக்கும்போதுகூட அந்த முறுக்கு விடுவதில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அதற்கு மேல் இன்னும் முறுகும். புது புஷ் சில மாதங்களிலேயே கிழிவதற்கு நான் பார்த்தவரை இதுதான் முதல் காரணம். பழி மட்டும் பாகத்தின் தரத்தின் மேல் விழும்.

செய்ய வேண்டியது கடினமே இல்லை. கழற்றும் முன், வண்டி சமதரையில் நிற்கும்போது சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். புது புஷ் போட்டு போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, ஹப்புக்கு அடியில் ஜாக்கி கொடுத்து அதே அளவு வரும்வரை தூக்கி, அப்புறம் குறித்த அளவு விசையில் இறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். சக்கரங்கள் மேடையில் ஊன்றியபடியே வண்டியை ஏற்றும் லிஃப்ட் இருந்தால் இன்னும் நல்லது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய போல்ட் என்று சர்வீஸ் கையேடு சொன்னால் புதிது வாங்கிவிடுங்கள். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் வண்டியில், தூக்குவதற்கு முன்பே அதைக் கையேடு சொல்லும் ஜாக் நிலைக்கு (உயரம் தானாக மாறாத நிலை) மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் வேலை நடக்கும்போதே உயரம் தானாக மாறும்; அடியில் இருக்கும் ஆளுக்கு ஆபத்து.

ரப்பருக்குப் பதில் அதைவிட விறைப்பான பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்களுக்குச் சரி. அமைதிக்காக வாங்கிய காரில் அது சாலையின் கரகரப்பை உள்ளே கொண்டுவரும், கிரீஸ் வற்றினால் கீச்சிடும். கிழிசலுக்குள் பசையை நிரப்பி ஒப்பேற்றுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

எதை மாற்றினாலும் அதே அச்சில் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். நான்கு சக்கர அலைன்மென்ட் அதற்குப் பிறகுதான். ஸ்டீயரிங் கோண சென்சாரைச் சரிசெய்யச் சொல்லும் வண்டி என்றால் அதுவும் அப்போதே. வண்டியை வேலைக்கு விடும்போது, "சக்கரத்தில் எடை இருக்கும் நிலையில் இறுக்குவீர்களா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள். "எப்படி இறுக்கினால் என்ன?" என்று பதில் வந்தால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.