பைக்கின் பின்பக்கத்தை மாற்றுகிறீர்களா? அபராதச் சலான் கடைக்காரர் பெயரில் வராது

பின் மட்கார்டைக் கழற்றிவிட்டு ஒரு சிறிய தகடு, அதன் மேல் கறுப்புக் கண்ணாடி போட்ட டெயில் லைட், விரல் அளவு எல்.இ.டி. இண்டிகேட்டர். உதிரிபாகக் கடையில் அரை நாளில் மாட்டித் தந்துவிடுவார்கள். சட்டச் சிக்கல் வருமா என்று கேட்டால், "எல்லோரும் போடுகிறார்கள், ஒன்றும் ஆகாது" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். பிறகு சாலையில் நிறுத்தப்படும்போது அந்தக் கடைக்காரர் பக்கத்தில் இருக்க மாட்டார். மாதச் சம்பளத்தில் பாதியைத் தவணைக்குக் கட்டும் இளைஞர்களும், பழைய வண்டியை நம்பி வாங்கிய குடும்பத்தலைவர்களும் இப்படித் தனியாக நின்று பணம் கட்டுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் சுருக்கமாக இதுதான். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) விவரங்கள் மாறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அந்த 5,000 ரூபாய் மொத்த வண்டிக்கும் சேர்த்து அல்ல. "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்றே சட்டத்தில் இருக்கிறது. டெயில் லைட் ஒன்று, இண்டிகேட்டர் ஒன்று, மட்கார்டு ஒன்று என்று தனித்தனியாக எண்ண அதில் இடமிருக்கிறது. விற்பவருக்கும் தண்டனை உண்டு; ஆனால் அது மத்திய அரசு முக்கியப் பாதுகாப்பு உதிரிபாகம் என்று அறிவித்த பொருள்கள் தரம் தவறினால்தான். அலங்கார உதிரிபாகம் விற்கும் கடையை விட்டுவிட்டு அதை வாங்கியவரைப் பிடிக்கும் இந்த ஏற்பாட்டில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. ஆனாலும் இன்றைய நிலை அதுதான்.

"மட்கார்டு மாற்றுவதெல்லாம் மாற்றமா? இன்ஜினையா மாற்றினேன்?" என்று பலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. வண்டியின் கட்டமைப்பில் செய்யும் மாறுதலால் அதன் அடிப்படை அம்சம் மாறினால்தான் அது 'மாற்றம்' என்று 52-ஆவது பிரிவின் விளக்கமே சொல்கிறது. சின்ன மட்கார்டு அதில் அடங்காது என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தில் வென்றாலும் தப்பிக்க முடியாத வேறு விதிகள் இருக்கின்றன. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக நிபந்தனை போட்டிருக்கிறது. சிக்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் சிக்குவது அங்கேதான்.

முதலில் நம்பர் பிளேட். மட்கார்டைக் கழற்றினால் நம்பர் பிளேட்டும், அதற்கு மேலிருக்கும் குட்டி வெள்ளை விளக்கும் சேர்ந்தே போய்விடும். புதிய தகட்டில் பிளேட்டுக்கு இடமிருக்கும், விளக்குக்கு இருக்காது. பின் எண் முழுவதும் 15 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும்படி வெள்ளை ஒளி விழ வேண்டும் என்பது 105-ஆவது விதி. பகலில் வண்டியைச் சுற்றிப் பார்த்து அழகு பார்க்கும்போது இது யார் கண்ணிலும் படாது. இரவுச் சோதனையில் முதலில் படுவது இதுதான்.

இதைவிடப் பெரிய தலைவலி பிளேட்டைக் கழற்றுவது. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகள் அனைத்திலும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். பின் பிளேட்டைப் பிடித்திருக்கும் பூட்டு ஒரு முறை மட்டும் பயன்படும் வகை. உடைத்தால்தான் கழறும், திரும்பப் பூட்ட முடியாது. மெக்கானிக் அதை உடைத்துவிட்டுச் சாதாரண நட்டு போல்ட்டு போட்டுத் தருவார். அதன் பிறகு தொடங்கும் அலைச்சல். ஷோரூமில் கேட்டால் இணையத்தில் பதிவு செய்யச் சொல்வார்கள். இணையத்தில் பதிவு செய்தால், சேதமா, தொலைந்ததா என்று கேட்கும். தொலைந்தது என்று அவசரத்தில் போட்டுவிட்டால் போலீஸ் புகார் நகல் கேட்பார்கள். நன்றாக இருக்கும் பிளேட்டுக்காகப் பொய்ப் புகார் கொடுக்கும் நிலைக்கு ஆளைத் தள்ளிவிடுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். பழைய பிளேட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, பூட்டு உடைந்தது என்ற உண்மையை எழுதிக் கொடுத்து, வண்டி வாங்கிய ஷோரூமிலேயே மறுபடி பொருத்தித் தரக் கேளுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிக்குப் பிளேட் கொடுத்ததே தயாரிப்பாளரும் ஷோரூமும்தான். "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று அவர்கள் சொன்னால் அந்தப் பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரச் சொன்னவுடன் பல இடங்களில் வேலை நடந்துவிடுகிறது.

அடுத்தது இண்டிகேட்டர். அதன் ஒளி ஆம்பர் நிறத்தில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மின்ன வேண்டும். பழைய பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டால், அது இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால், இண்டிகேட்டரை மின்ன வைக்கும் பழைய பிளாஷர் ரிலே, பல்பு பழுதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இரு மடங்கு வேகத்தில் துடிக்கும். எல்.இ.டி.க்கு ஏற்ற ரிலேயையும் சேர்த்து மாற்றினால் இது சரியாகிவிடும். கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். நீங்களே கேட்டு வாங்க வேண்டும்.

டெயில் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் மூன்றையும் ஒரே கண்ணாடிக்குள் அடைத்த விளக்குகள் இப்போது நிறைய விற்கின்றன. பிரேக் பிடித்தபடி திரும்பும்போது சிவப்பு வெளிச்சத்தில் ஆம்பர் அமுங்கிவிடும். பின்னால் லாரியில் வருபவருக்கு நீங்கள் நிற்கப் போகிறீர்களா, திரும்பப் போகிறீர்களா என்று தெரியாது. கறுப்பு ஷீட் ஒட்டிய விளக்கும் அப்படியே. மழை நாளில் அது விளக்கே இல்லாததற்குச் சமம். நீலம், பச்சை, வெள்ளை என்று பின்னால் ஒளிரும் பட்டைகளை யோசிக்கவே வேண்டாம். நம்பர் பிளேட் விளக்கு, இண்டிகேட்டர் போன்ற சில விலக்குகள் போக, பின்பக்கம் சிவப்பு தவிர வேறு நிறம் காட்டக் கூடாது என்பது 108-ஆவது விதி. இன்னொன்று, பழைய மட்கார்டில் இருந்த சிவப்பு ரிப்ளெக்டர். பைக்குக்குப் பின்னால் அது ஒன்றாவது இருந்தாக வேண்டும். மட்கார்டோடு குப்பைக்குப் போவதில் முதலிடம் அதற்குத்தான். விளக்கு எரியாமல் வண்டி நடுவழியில் நின்றுபோனால் உங்களைக் காட்டிக்கொடுக்க அந்தச் சிறு வில்லை மட்டுமே மிஞ்சும்.

இனிச் சொல்லப்போவதை அபராதத்துக்காகச் சொல்லவில்லை. பின் சக்கரத்தின் இடப்பக்கம் இருக்கும் சேலை கார்டை அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றுகிறார்கள். பின்னால் ஒருவர் உட்காரும் வகையில் தயாராகும் பைக்கில் கைப்பிடி, கால்வைக்கும் இடம், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்பது 123-ஆவது விதி. பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்கக் கூடாது என்று காரணத்தையும் அந்த விதியே சொல்கிறது. இது தயாரிப்பாளருக்கான விதி, எனக்கில்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. வாதத்தை விடுங்கள். துப்பட்டாவோ முந்தானையோ ஓடும் சக்கரத்தில் சுற்றினால் அது கழுத்தைத்தான் இழுக்கும். அம்மாவையோ மனைவியையோ தங்கையையோ எப்போதாவது ஏற்றிச் செல்லும் வண்டியாக இருந்தால், மற்ற எதை மாற்றினாலும் சேலை கார்டில் கை வைக்காதீர்கள்.

சரி, அனுமதி வாங்கியே செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு வருகிறேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டால், "கம்பெனியிடம் கடிதம் வாங்கி வாருங்கள்" என்பார்கள். ஷோரூமில் கேட்டால், "ஆர்.டி.ஓ. ஒத்துக்கொண்டால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்பார்கள். இரண்டுமே வாய்ச்சொல். வாய்ச்சொல்லை வைத்து எங்கும் போக முடியாது. பதிவு அதிகாரியின் உத்தரவுக்கு எதிராக 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய 57-ஆவது பிரிவு உரிமை தருகிறது. ஆனால் உத்தரவு என்று ஒன்று கையில் இருந்தால்தானே மேல்முறையீடு? ஆகவே கவுன்டரில் நின்று விளக்கம் கேட்டுக்கொண்டிருக்காமல், எதை எதுவாக மாற்ற விரும்புகிறீர்கள் என்று படத்துடன் மனு எழுதி, முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். ஆனால் "இதைச் செய்யலாமா?" என்று கேட்டால் கருத்துச் சொல்ல இயலாது என்று திருப்பிவிடுவார்கள். "இது தொடர்பாக உங்கள் அலுவலகத்தில் உள்ள சுற்றறிக்கையின் நகல் தருக" என்று கேட்க வேண்டும். ஆவணம் கேட்டால் 30 நாட்களில் பதில் தர வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு.

சாலையில் நிறுத்தினால் சலானில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். விளக்கு எரியாததற்கும் வண்டியை மாற்றியமைத்ததற்கும் தொகையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. பொதுவான 177-ஆவது பிரிவில் முதல் முறை 500 ரூபாய் வரைதான். ரசீது இல்லாமல் யாருக்கும் பணம் தராதீர்கள். குற்றச்சாட்டே தவறு என்று நினைத்தால் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இ-சலான் தளத்தில் புகார் பதியலாம், வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் மறுக்கலாம். "வண்டியைப் பறிமுதல் செய்வேன்" என்று மிரட்டினால் தெரிந்துகொள்ளுங்கள்: 207-ஆவது பிரிவில் வண்டியைப் பிடித்து வைப்பதற்கான காரணங்கள் உரிமம், பதிவு, பெர்மிட் இல்லாதது போன்றவை. மட்கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. இதைச் சண்டையாகச் சொல்லாமல், மரியாதையாக, எந்தப் பிரிவில் பிடிக்கிறீர்கள் ஐயா என்று கேட்டால் போதும்.

காப்பீட்டில் விழும் அடி தாமதமாகத் தெரியும். விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பின்பக்கத்தைப் படமெடுப்பார். அறிவிக்காத மாற்றம் என்று சொல்லி உங்கள் வண்டிச் சேதத்துக்கான தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ பார்ப்பார்கள். மாற்றம் செய்தவுடன் நிறுவனத்துக்கு எழுதி, பாலிசியில் சேர்த்த சான்றைக் கேட்டு வாங்குங்கள். விபத்துக்கும் அந்த மாற்றத்துக்கும் சம்பந்தமே இல்லாதபோது மறுத்தால் விட்டுவிடாதீர்கள். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அங்கே கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

எனக்கு அதிகம் வருத்தம் தருபவர்கள் பழைய வண்டி வாங்குபவர்கள். மாற்றியது வேறொருவர், நிறுத்தப்படுவது இவர்கள். பேரம் முடிவதற்கு முன்பே கழற்றிய மட்கார்டு, விளக்கு, சேலை கார்டு எங்கே என்று கேளுங்கள். மூட்டை கட்டி வைத்திருந்தால் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவற்றின் விலையைக் கழித்துப் பேசுங்கள். உரிமையாளர் பெயர் மாற்றத்தை 30 நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். நீங்களே மாற்றுபவராக இருந்தாலும் அசல் பாகங்களை விற்கவோ எடைக்குப் போடவோ வேண்டாம். வண்டிக்கு 15 ஆண்டுகள் ஆகி ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார். அப்போது அந்த மாடலின் அசல் மட்கார்டு எந்தக் கடையிலும் கிடைக்காமல் போகலாம்.