நடு எஞ்சின் காருக்கு நான்கு சக்கரமும் ஒரே அகலமா?

இரண்டாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2 ஒன்று, பின்பக்க மூலை நசுங்கிய நிலையில், மறுபடியும் எங்கள் பட்டறைக்கு இழுத்துவரப்பட்டிருக்கிறது. ஈரச் சாலையில், வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் வண்டி சுழன்றுவிட்டது என்றார் உரிமையாளர். சக்கரங்களைப் பார்த்ததுமே காரணம் விளங்கிவிட்டது: நான்கிலும் ஏழரை அங்குல அகல அலாய் வீல், நான்கிலும் 215/40 ஆர்17 டயர் (முதல் எண்தான் டயரின் அகலம், மில்லிமீட்டரில்). "நான்கும் ஒரே அளவாக இருந்தால்தானே வண்டி சமநிலையாக நிற்கும்?" என்று அவர் கேட்டார். இந்தக் கேள்வியை இனியும் நசுங்கிய வண்டியின் அருகில் நின்று கேட்க எனக்கு மனமில்லை.

எஞ்சின் முன்னால் இருக்கும் சாதாரணக் காருக்கு அந்த எண்ணம் பொருந்தலாம். இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சற்று முன்னால் எஞ்சின் அமர்ந்திருக்கும் எம்ஆர்2 போன்ற நடு எஞ்சின் வண்டியிலோ, மொத்த எடையில் பாதிக்கும் மேல், ஏறக்குறைய 55 முதல் 60 சதவீதம் வரை, பின் சக்கரங்கள்மீது இறங்குகிறது. டயரின்மேல் சுமை கூடும்போது அதன் பக்கவாட்டுப் பிடிமானமும் கூடும்; ஆனால் அதே விகிதத்தில் கூடாது. ஆகவே கனமான பக்கத்துக்கு அகலமான டயர் கொடுத்தால்தான் வளைவில் முன்னும் பின்னும் ஈடாகும். பின் டயரின் அகலம் தோற்றத்துக்காகச் செய்த அலங்காரம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

இதே காரின் வரலாற்றைப் பாருங்கள். 1989இல் வந்தபோது முன்னால் 195/60 ஆர்14, பின்னால் 205/60 ஆர்14 டயர்கள் இருந்தன. பின்பக்கம் திடீரென வழுக்குகிறது என்ற குறை பரவலாகப் பேசப்பட்ட பிறகு, 1990களின் தொடக்கத்தில் டொயோட்டா சஸ்பென்ஷனைத் திருத்தியதோடு, முன்னால் ஆறு அங்குல ரிம்மில் 195/55 ஆர்15, பின்னால் ஏழு அங்குல ரிம்மில் 225/50 ஆர்15 என்று மாற்றியது. முன் டயரின் அகலத்தை ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டவில்லை. கூட்டிய 20 மி.மீ. முழுவதையும் பின்னால்தான் கொடுத்தது. இரண்டாம் தலைமுறை லோட்டஸ் எலீஸில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது: முன்னால் 175, பின்னால் 225. எங்களிடம் வந்த வண்டியிலோ, திருத்திய அளவோடு ஒப்பிட்டால், முன்னால் 20 மி.மீ. கூடியிருக்கிறது, பின்னால் 10 மி.மீ. குறைந்திருக்கிறது. கனமான பகுதி நடுவில் குவிந்திருப்பதால் இவ்வகைக் கார் வேகமாகத் திரும்பும். வழுக்கத் தொடங்கினால் அதே வேகத்தில் சுழலவும் செய்யும். ஸ்டீயரிங்கை எதிர்த்திசையில் திருப்பிச் சமாளிக்கப் பெரும்பாலானோருக்கு அவகாசம் கிடைப்பதில்லை.

முன் பின் மாற்றிப் போட்டு டயரைக் கூடுதல் காலம் ஓட்டலாம் என்பதற்காக ஒரே அளவு கேட்பவர்களும் உண்டு. அதில் மிச்சமாகும் பணம் ஒரு பின் ஃபெண்டரைச் சீர்செய்யக்கூடப் போதாது.

ரிம் வாங்கும் முன் ஆஃப்செட்டை, அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் தளத்துக்கும் இடையிலான மில்லிமீட்டர் தூரத்தை, கணக்கிடுங்கள். ஆறு அங்குலம், ஆஃப்செட் 45 என்றிருந்த முன் ரிம்மின் இடத்தில் ஏழரை அங்குலம், ஆஃப்செட் 35 கொண்டதை மாட்டினால், வெளி விளிம்பு 29 மி.மீ. வெளியேயும் உள் விளிம்பு 9 மி.மீ. உள்ளேயும் நகரும். இந்த வண்டியில் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பிப் பார்த்தபோது, ஃபெண்டரின் உட்புற லைனரில் டயர் உரசிப் பளபளத்த கோடு விரல் அகலத்துக்கு இருந்தது.

அகலத்தை மாற்றியே தீர வேண்டுமென்றால், முன்னுக்கும் பின்னுக்கும் நிறுவனம் கொடுத்த வேறுபாட்டைக் குறைக்காதீர்கள். முன் பின் டயர்களின் வெளி விட்ட விகிதமும் பழைய அளவை ஒட்டியே இருக்கட்டும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் இது மிக முக்கியம். 225/50 ஆர்15 டயருக்கு ஆறு முதல் எட்டு அங்குலம் வரையிலான ரிம்தான் ஏற்றது. குறுகிய டயரை இழுத்து அகல ரிம்மில் மாட்டும் வழக்கம் இந்த வண்டிக்கு வேண்டவே வேண்டாம். தேய்ந்த பின் டயர்களை வைத்துக்கொண்டு முன்னால் மட்டும் புதியது போடாதீர்கள். சக்கரம் மாற்றிய அன்றே நான்கு சக்கர அலைன்மென்ட் செய்து, பின் டோ அளவை (பின் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) அச்சிட்ட தாளில் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே நான்கிலும் ஒரே அகலத்தில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், பின் ஜோடியை மாற்றும் வரையிலாவது, மழையில் அந்த வண்டியை வெளியே எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.