ஸ்பாய்லர்: கெடுப்பதா, உடைப்பதா?

கிளை நூலகத்தில் எடுத்த துப்பறியும் நாவல் அது. பன்னிரண்டாம் பக்கத்தில் எஸ்டேட் மேனேஜரின் பெயர் முதன்முதலாக வருகிற இடத்தில், ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: ‘இவன்தான்’. அம்புக்குறி வேறு. எனக்கு அப்போது பதினான்கு வயது. அந்த ஆளைத் திட்டுவதற்கு வசவுகள் கைவசம் இருந்தன. அவன் செய்த காரியத்துக்குத்தான் பெயர் தெரியவில்லை. இப்போது சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்: ‘ஸ்பாய்லர்’.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு வயது அதிகம், இந்தப் பொருளுக்குத்தான் குறைவு. லத்தீனில் ‘ஸ்போலியம்’ என்றால் விலங்கிலிருந்து உரித்த தோல். பிறகு, போரில் விழுந்தவனின் உடம்பிலிருந்து உருவிய கவசத்துக்கும் ஆயுதத்துக்கும் அந்தப் பெயர் போயிற்று. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது கொள்ளையடிப்பது என்று பொருள். ‘கெடுப்பது’ என்பதெல்லாம் பின்னால் ஏறியது. (தோலுரித்துக் காட்டுவது என்று நாம் சொல்வதும் மறைந்திருப்பதை வெளியே கொண்டுவருவதைத்தான். இரண்டுக்கும் உறவு கிடையாது, பொருத்தம் மட்டும் நன்றாக அமைந்துவிட்டது.) விமானம் தரையிறங்கியதும் இறக்கையின் மேல் எழும்பி நிற்கும் தகடுகளுக்கும் ஸ்பாய்லர் என்றே பெயர். அவை கெடுப்பது இறக்கையின் தூக்குவிசையை.

கதையின் முடிவைச் சொல்லிவிடுவதற்கு இந்தப் பெயரை வைத்தவர்கள் கேலிக்காரர்கள். 1971 ஏப்ரலில் ‘நேஷனல் லாம்பூன்’ என்ற அமெரிக்க நகைச்சுவை இதழில் டக் கென்னி ‘ஸ்பாய்லர்ஸ்’ என்று தலைப்பிட்டு, பல கதைகளின் முடிவுகளை வரிசையாகப் போட்டு உடைத்தார். 1982இல் ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையின் இரண்டாவது படம் வந்தபோது, யூஸ்நெட் என்ற கணினிவழி விவாதக் குழுக்களில் அதைப் பற்றி எழுதியவர்கள் மேலே ‘ஸ்பாய்லர் அலர்ட்’ என்று எச்சரிக்கை வைத்தார்கள். அந்தப் படத்தில் என்ன நடக்கிறது என்று இங்கே எழுதினால் நானும் பென்சில்காரன் ஆகிவிடுவேன். பெயர் இல்லாத காலத்திலும் கவலை இருந்தது. லண்டனில் 1952இல் தொடங்கிய ‘தி மவுஸ்டிராப்’ நாடகத்தின் முடிவில், கொலையாளி யாரென்று வெளியே சொல்லாதீர்கள் என்று மேடையிலிருந்தே கேட்டுக்கொள்வது வழக்கம்.

ஆங்கிலச் சொல்லில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. முடிவு தெரிந்தால் கதை கெட்டது என்று அது முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது. ‘சுவைகெடுப்பான்’ என்று மொழிபெயர்த்தால் அந்தத் தீர்ப்பையும் சேர்த்துத் தமிழுக்குக் கொண்டுவருகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணம் சிலப்பதிகாரம்.

அதன் தொடக்கத்தில் முன்னுரையாக வரும் பதிகத்தைப் படித்துப் பாருங்கள். கோவலன் மதுரைக்குப் போனது, பொற்கொல்லன், பாண்டியன் தவறு, கண்ணகி மூட்டிய தீ எல்லாம் அங்கேயே வந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, ‘அரசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்’ என்று தொடங்கிக் கதையின் சாரமும் கிடைத்துவிடும். பதிகம் இளங்கோ எழுதியதல்ல, பின்னால் யாரோ சேர்த்தது என்பாரும் உண்டு. இருக்கட்டுமே, சேர்த்தவருக்கும் முடிவை முன்னால் சொல்வது தப்பாகப் படவில்லை என்றுதானே ஆகிறது!

அப்படித் தெரிந்துகொண்டு போகிறவருக்கு என்ன கிடைக்கிறது? கனாத்திறம் உரைத்த காதையில் கோவலன் வீடு திரும்புகிறான். சொத்தைத் தொலைத்தது வெட்கமாக இருக்கிறது என்கிறான். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல் வருந்துகிறான் என்று எண்ணிக்கொண்ட கண்ணகி, சிரித்த முகத்தோடு ‘சிலம்புள கொண்ம்’ என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். கதை தெரியாதவர் இந்த இடத்தில் நல்ல மனைவி என்று நினைத்து அடுத்த வரிக்குப் போய்விடுவார். தெரிந்தவருக்குத்தான் வயிற்றில் ஏதோ பிசையும். அந்தச் சிரிப்பு தாங்க முடியாததாக ஆவது, முடிவு முன்பே தெரிந்ததால்தான். திரௌபதி அம்மன் திருவிழாவில், படுகளத்தில் துரியோதனன் விழப்போகிறான் என்று தெரிந்தேதான் ஊர் இரவெல்லாம் கண்விழித்துப் பாரதக்கூத்துப் பார்க்கிறது.

அப்படியானால் எல்லாப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கலாமா? 2011இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாக ஆய்வாளர்கள் இருவர், பன்னிரண்டு சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்களே மொத்தத்தில் கூடுதலாக ரசித்தார்கள் என்று வந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் இதற்கு நேரெதிரான முடிவும் உண்டு. என் கணக்கு வேறு: இரண்டாம் முறை படிக்கத் தாங்கும் புத்தகத்தில் தாராளமாகப் புரட்டிப் பார்க்கலாம். ‘யார் செய்தது’ என்ற ஒரே கேள்வியில் நிற்கிற புத்தகத்தில் பார்க்கக் கூடாது. அதில் வேறு சரக்கே இருக்காது. வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்தவர்களுக்கு இந்தச் சபலத்துக்கே வழியில்லை. கடைசிப் பக்கம் இன்னும் எழுதப்பட்டே இருக்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பேச்சில் ஏற்கெனவே வினை இருக்கிறது. ‘சஸ்பென்ஸை உடைச்சிட்டான்’, ‘போட்டு உடைச்சிட்டா’ என்கிறோம். கெடுத்தான் என்றில்லை, உடைத்தான். எதை உடைப்பது? அதற்கும் பழைய சொல் ஒன்று உண்டு: குட்டு. ‘அவன் குட்டு உடைந்தது’ என்றால் மறைத்தது வெளியே வந்தது என்று பொருள். தெலுங்கிலும் கன்னடத்திலும் முதலெழுத்தின் ஒலி சற்று மாறி, இதே சொல் இரகசியத்தைக் குறிக்கிறது. ஆகவே ‘குட்டுடைப்பு’ என்பது என் பரிந்துரை. செய்த காரியத்தை மட்டும் சொல்கிறது, தீர்ப்பை வாசகரிடம் விட்டுவிடுகிறது. விமர்சனத்தின் தலைப்பில் ‘கீழே குட்டு உடையும்’ என்று போட்டால் யாருக்கும் விளங்கும். உடைத்தவன் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் என்ற வசதியும் இருக்கிறது.

தானே கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு இந்தச் சொல் பொருந்தாது. அவர் யாருடைய குட்டையும் உடைக்கவில்லை. ‘முடிவை எட்டிப் பார்த்தல்’ என்பதைச் சுருக்கி ஒரு சொல்லாக்கப் பார்த்தேன். ‘முடிவெட்டல்’ என்று சலூன் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. கைவிட்டேன். ‘கடைசிப் பக்கம் பார்க்கிறது’ என்று வழக்கில் இருப்பதே போதும்.

அந்த நாவலைக் கோபத்தோடு கடைசிவரை படித்தேன். கொலை செய்தது எஸ்டேட் மேனேஜர் இல்லை, டாக்டர். பென்சில்காரன் பொய் சொல்லியிருக்கிறான். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று இன்னும் பிடிபடவில்லை.