ஹரேதி: 'தீவிர யூதர்' அல்ல, நடுங்குவோர்

இஸ்ரேலில் கட்டாய ராணுவ சேவை பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் தமிழ் நாளிதழ்களில் ஒரு தொடர் தவறாமல் வருகிறது: 'தீவிர பழமைவாத யூதர்கள்'. சில இடங்களில் 'அதிதீவிர யூதர்கள்'. கறுப்புக் கோட்டும் தொப்பியுமாகச் சாலையை மறித்து உட்கார்ந்திருப்பவர்களின் படமும் கூடவே இருக்கும். 'தீவிரவாதம்' என்ற சொல்லைப் பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய தமிழ் வாசகர் அந்தப் படத்தையும் 'தீவிர' என்ற அடைமொழியையும் சேர்த்துப் பார்த்தால் ஆயுதத்தைத்தான் நினைப்பார். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் கோரிக்கை, 'எங்கள் பையன்களைப் படையில் சேர்க்காதீர்கள்' என்பது. செய்தி சொல்வதற்கு நேர் எதிரான எண்ணத்தை ஓர் அடைமொழி உண்டாக்கிவிடுகிறது.

அவர்கள் தங்களை ஹரேதி என்று சொல்லிக்கொள்கிறார்கள். பன்மையில் ஹரேதிம். எபிரெயத்தில் 'ஹ-ர-த' என்ற மூன்று மெய்களின் வேரிலிருந்து வரும் சொல் இது. நடுங்குதல், பதறுதல் என்பது வேரின் பொருள்.

வேதாகமத்தில் இந்த வினை பல இடங்களில் வருகிறது. தன் ஆசி தவறான மகனுக்குப் போய்விட்டது என்று தெரிந்தபோது பார்வை மங்கிய ஈசாக்கு நடுங்கிய நடுக்கம் இந்தச் சொல்லால்தான் சொல்லப்படுகிறது. சீனாய் மலையில் இடி, மின்னல், கொம்பின் ஓசை எல்லாம் சேர்ந்து எழுந்தபோது பாளயத்திலிருந்த மக்கள் நடுங்கியதும் இதே சொல். இந்த இரண்டு இடங்களிலும் அது வெறும் உடல் நடுக்கம். அதைப் பெருமைக்குரிய அடையாளமாக மாற்றியது ஏசாயா 66-ஆம் அதிகாரம். 'சிறுமைப்பட்டு, ஆவியில் நொறுங்குண்டு, என் வசனத்துக்கு நடுங்குகிறவனையே நோக்கிப்பார்ப்பேன்' என்று கடவுள் சொல்வதாகத் தமிழ் வேதாகமம் மொழிபெயர்க்கிறது. அங்கே 'நடுங்குகிறவன்' என்று இருப்பதுதான் எபிரெயத்தின் 'ஹரேத்'. எஸ்றாவின் நூலிலும் கட்டளைக்கு நடுங்குகிறவர்கள் என்று ஒரு கூட்டம் வருகிறது. அதாவது, ஹரேதி என்ற சொல்லுக்குத் தமிழ் நம் கையில் வெகு காலமாகவே இருக்கிறது. செய்தி எழுதுகிறவர்கள் அங்கே தேடவில்லை, அவ்வளவுதான்.

இன்றைய எபிரெயத்தில் இந்த வேர் இன்னொரு கிளையும் விட்டிருக்கிறது. 'ஹரதா' என்றால் மனப்பதற்றம். ராக்கெட் தாக்குதல் முடிந்ததும் இஸ்ரேலிய ஊடகங்கள் காயமடைந்தோர் எண்ணிக்கையைச் சொல்லும்போது 'ஹரதாவால் பாதிக்கப்பட்டோர்' என்று தனியாக ஒரு கணக்கும் சொல்வார்கள். உடலில் காயமில்லாமல், அதிர்ச்சியில் நடுங்கிப்போய் மருத்துவமனைக்கு வந்தவர்கள் அவர்கள்.

நடுக்கத்தால் பெயர் பெற்ற சமயக் கூட்டம் வேறொன்றும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர்களின் பெயருக்கும் நடுங்குவோர் என்றே பொருள். மற்றவர்கள் ஏளனமாக வைத்த பெயர் அவர்களுக்கு நிலைத்துவிட்டது. ஹரேதிகளுடையது மறைநூலிலிருந்து எடுத்துச் சூடிக்கொண்ட பெயர்.

சரி, ஒரு மறைநூல் சொல் எப்படி ஒரு சமூகத்தின் பெயரானது? 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்குள் 'மரபைப் பின்பற்றுவோர்' என்று தனிப்பெயர் தேவைப்படவில்லை. ஏறக்குறைய எல்லோருமே அப்படித்தான் வாழ்ந்தார்கள். ஜெர்மனியில் வழிபாட்டையும் சட்டங்களையும் காலத்துக்கேற்ப மாற்றும் சீர்திருத்த இயக்கம் எழுந்த பிறகுதான், மாறாதவர்களுக்கு 'ஆர்த்தடாக்ஸ்' என்ற பெயர் ஒட்டியது. சரியான கருத்துடையோர் என்று பொருள்படும் அந்தக் கிரேக்கச் சொல் கிறித்தவத்திலிருந்து வந்தது. இன்று பிராட்டிஸ்லாவா எனப்படும் பிரெஸ்பர்க் நகரில் தலைமை ரப்பியாக (யூத மதகுருவாக) இருந்த மோசஸ் சோபர் (1762–1839), 'புதியது தோராவால் தடை செய்யப்பட்டது' என்ற வாசகத்தை முழக்கமாக்கினார். தோரா என்பது யூதர்களின் மறைச் சட்ட நூல். அந்த வாசகம் மூலத்தில் புது விளைச்சல் தானியத்தைப் பற்றியது: குறிப்பிட்ட நாளுக்கு முன்னால் அதைத் தின்னக் கூடாது என்ற விதி. அவர் அதை வாழ்க்கை முழுவதற்கும் விரித்துவிட்டார். இன்றைய ஹரேதி உலகத்தின் அடித்தளத்தில் அந்த ஒற்றை வரி இருக்கிறது.

'ஹரேதி' என்பது முதலில் மதச் சட்டத்தைக் கடைப்பிடிக்கும் யூதர் எல்லோருக்கும் பொதுவாக வழங்கிய சொல். 20-ஆம் நூற்றாண்டு போகப் போகச் சுருங்கி, நவீன உலகத்திலிருந்து விலகி வாழும் பிரிவுகளை மட்டும் குறிக்கலாயிற்று. யூதருக்குத் தனி நாடு வேண்டும் என்னும் சியோனிசத்தை ஏற்று, படையில் சேர்ந்து, மதத்தையும் கடைப்பிடிப்பவர்களுக்கு 'தாத்தி' என்று வேறு சொல் இருக்கிறது. சட்டம் என்று பொருள்படும் 'தாத்' என்ற பாரசீகக் கடன்சொல்லிலிருந்து வந்தது அது. இந்த இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது பெரிய பிழை. இஸ்ரேலிய அரசியலில் பாதி அந்த வேறுபாட்டில்தான் நடக்கிறது.

ஹரேதிகளும் ஒரே கூட்டம் அல்ல. 'ரெப்பே' எனப்படும் தத்தம் குருவைச் சுற்றி வாழும் ஹசீதிகள் ஒரு பக்கம். யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத்தின் படிப்பையே உயிராகக் கொண்ட லித்துவேனிய மரபினர் இன்னொரு பக்கம். மத்திய கிழக்கிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த செபார்டிகள் மூன்றாவது. இந்த மூன்றாவது பிரிவினரின் கட்சிதான் 1984-இல் தோன்றிய ஷாஸ். பாக்தாதில் பிறந்த ரப்பி ஓவாதியா யோசெப் 2013-இல் மறையும் வரை அதன் ஆன்மிகத் தலைவராக இருந்தார். ஹசீதிகளிலேயே சாத்மர் பிரிவு இஸ்ரேல் என்ற அரசையே ஏற்பதில்லை, மீட்பரான மெசியா வருவதற்கு முன்னால் யூத அரசு கூடாது என்பது அவர்கள் வாதம். உலகெங்கும் வீடு திறந்து வைத்து வழிப்போக்க யூதருக்குச் சோறு போடும் கபாத் பிரிவும் ஹரேதிதான். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலில் நரிமன் இல்லத்தில் கொல்லப்பட்ட ரப்பியும் அவர் மனைவியும் அந்தப் பிரிவினர். ஜெருசலேமின் மேயா ஷெஅரிம், டெல் அவீவை ஒட்டிய ப்னே ப்ராக், நியூயார்க்கின் புரூக்ளின், லண்டனின் ஸ்டாம்ஃபர்ட் ஹில், பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் என்று பரவியிருக்கிறார்கள். இஸ்ரேல் மக்கள்தொகையில் ஏறக்குறைய 13-14 விழுக்காடு.

1874-இல் உருவான மேயா ஷெஅரிம் பகுதியில் செய்தி பரவும் வழி சுவர். பெரிய கறுப்பு எழுத்தில் அச்சடித்த தாள்களை வீட்டுச் சுவர்களில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருப்பார்கள். ரப்பியின் கண்டனம், இரங்கல், ஊர்வல அழைப்பு, அடக்கமான உடை உடுத்தி வரச் சொல்லும் வேண்டுகோள் எல்லாம் அதில்தான். இதற்குப் பெயர் 'பஷ்கெவில்'. ரோம் நகரில் பஸ்கினோ என்ற சிதைந்த சிலையில் மக்கள் வசைக் கவிதைகளை ஒட்டிய வழக்கத்திலிருந்து கிளம்பி, போலிஷ் வழியாக, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷுக்கு வந்து சேர்ந்த சொல் அது.

ஹரேதி என்றால் என்ன என்பதை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டுவது 2004-இல் நடந்த ஒரு விவகாரம். அதன் ஒரு முனை நம் பக்கத்தில் இருக்கிறது. மணமான ஹரேதிப் பெண்கள் தலைமுடியை மறைக்க வேண்டும். பலர் அதற்கு 'ஷெய்ட்டல்' எனப்படும் டோப்பாவை அணிகிறார்கள். நல்ல டோப்பாவுக்கு இயற்கை முடி வேண்டும், அதில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து போகிறது. திருமலையில் பக்தர்கள் மொட்டை போட்டுக்கொடுத்த முடி ஏலத்தில் விற்று, கப்பலேறி, கடைசியில் புரூக்ளினில் ஒரு பெண்ணின் தலையில் போய் உட்கார்ந்தது. அப்போது ஒரு கேள்வி எழுந்தது: அந்த முடி, யூதச் சட்டப்படி வேற்றுத் தெய்வத்துக்குப் படைத்த பொருளா? படைத்த பொருள் என்றால் அதிலிருந்து எந்தப் பயனும் பெறக் கூடாது. விற்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. முடியை இறக்குவது உடலைத் தூய்மைப்படுத்த மட்டுமே என்றால் தடையில்லை.

விசாரிக்க ரப்பி ஒருவர் திருப்பதிக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். 2004 மே மாதம், ஜெருசலேமின் மூத்த சட்ட அறிஞர் ரப்பி யோசெப் ஷாலோம் எல்யாஷிவ், அது படையல்தான், அந்த டோப்பா கூடாது என்று தீர்ப்பளித்தார். உடனே ஜெருசலேமிலும் புரூக்ளினிலும் பெண்கள் நூற்றுக்கணக்கான டாலர் விலையுள்ள, சிலர் ஆயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய டோப்பாக்களைத் தெருவில் கொண்டுவந்து போட்டுக் கொளுத்தினார்கள். 'முடி காணிக்கை' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் தொடரில் 'காணிக்கை' என்பதுதான் அங்கே வழக்கின் மையம். யாரும் அவர்களை மிரட்டவில்லை. தெரியாமல்கூட ஒரு கட்டளையை மீறிவிட்டோமோ என்ற பதற்றம் அது. ஏசாயா சொன்ன நடுக்கத்தை இதைவிடக் கண்ணெதிரே காட்ட முடியாது என்று நினைக்கிறேன்.

இனி ராணுவ விவகாரம். 1948-இல் இஸ்ரேலின் முதல் பிரதமர் பென் குரியன் சுமார் 400 மறைப்பள்ளி மாணவர்களுக்குப் படைச் சேவையிலிருந்து விலக்கு கொடுத்தார். ஐரோப்பாவின் மறைப்பள்ளிகள் நாஜிப் படுகொலையில் அழிந்துபோன நேரம். மிச்சத்தைக் காக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அன்று வலு இருந்தது. விலக்குக்கு வைத்த பெயர் 'தோராத்தோ உமனுத்தோ': தோராவே அவன் தொழில். 1977-இல் வலதுசாரித் தலைவர் பெகின் ஆட்சிக்கு வந்தபோது எண்ணிக்கை வரம்பு எடுக்கப்பட்டது. 400 பேர் அறுபதாயிரத்துக்கு மேல் ஆனார்கள். 2024 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த 9 நீதிபதிகளும் ஒருமனதாக, இந்த விலக்குக்கு இனிச் சட்ட அடிப்படை இல்லை, படைக்கு அழைக்க வேண்டும் என்றார்கள். 2025 ஜூலையில் இதே பிரச்சினையில் ஹரேதிக் கட்சிகள் நெதன்யாகு அரசிலிருந்து விலகின. காசாப் போரில் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப அனுப்பிய மற்ற இஸ்ரேலியக் குடும்பங்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தைச் சொல்லவும் எதிர்த்தரப்புக்குச் சரியான பெயர் வேண்டும்.

தமிழில் என்ன எழுதலாம்? 'பழமைவாத யூதர்' கூடாது. யூத மதத்தில் பழமைவாதம் என்ற பொருளுள்ள பெயரிலேயே ஒரு தனிப் பிரிவு, முக்கியமாக அமெரிக்காவில் இருக்கிறது. பெண்களையும் ரப்பிகளாக ஏற்கும் மிதவாதப் பிரிவு அது. ஹரேதிகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டினால் இரு தரப்பும் தலையில் அடித்துக்கொள்ளும். 'வைதீக யூதர்' என்பது சிலர் எழுதுவது. வேதத்தோடு ஒட்டிய சொல், இங்கே பொருந்தவில்லை. 'இறையச்சமுடையோர்' அழகான சொல்தான். 'அஞ்சுவது அஞ்சல் அறிவார் தொழில்' என்று வள்ளுவர் சொன்ன மொழியில் அச்சம் இழிவும் அல்ல. ஆனால் எபிரெயத்தில் இறையச்சத்துக்கு 'யிரா' என்று வேறு சொல் இருக்கிறது, எல்லாப் பக்தருக்கும் அது பொது. அதை ஒரு பிரிவுக்கு மட்டும் எழுதிக் கொடுக்க முடியாது.

'ஆசார யூதர்' என்றால் தமிழர் உடனே புரிந்துகொள்வார்கள். 'ஆசாரமான குடும்பம்' என்று பேச்சிலேயே சொல்கிறோமே. இன்னொரு பொருத்தமும் உண்டு: யூதச் சட்டத்தின் பெயரான 'ஹலாகா' நடத்தல் என்ற வேரிலிருந்து வருகிறது. ஆசாரமும் அப்படியே, 'சர்' என்ற வடமொழி வேருக்கு இயங்குதல், நடத்தல் என்று பொருள். ஆனால் தமிழில் ஆசாரம் என்றதும் மடியும் தீட்டும் சாதியும் கூடவே வந்து நிற்கின்றன. அந்தச் சுமையை இன்னொரு நாட்டுச் செய்திக்குள் ஏற்றுவானேன்? 'நெறி' அந்தச் சுமை இல்லாத சொல். நடக்கும் வழி என்ற பொருளும் அதில் இருக்கிறது. ஆகவே ஆர்த்தடாக்ஸ் யூதருக்கு 'மரபுநெறி யூதர்', ஹரேதிக்குக் 'கடுநெறி யூதர்' என்பது என் பரிந்துரை. கடுந்தவம், கடுநோன்பு என்பதில் வரும் 'கடு' இது. தனக்குத் தானே விதித்துக்கொண்ட கடுமையைச் சொல்லும், பிறரைத் தாக்கும் கடுமையைச் சொல்லாது.

எழுத்து விஷயமும் உண்டு. 'ஹரெடி', 'ஹரேடி' என்று எழுதுவது ஆங்கில எழுத்தைப் பார்த்து வந்த பழக்கம். எபிரெயத்தின் தாலெத் எழுத்தைத் தமிழ் வேதாகமம் எப்போதும் தகரமாகவே எழுதியிருக்கிறது: தாவீது, யூதா, தானியேல். அந்த வழியில் ஹரேதிதான் சரி. பன்மைக்கு 'ஹரேதிகள்' போதும். 'ஹரேதிம்கள்' வேண்டாம், அதில் எபிரெயப் பன்மையும் தமிழ்ப் பன்மையும் இரட்டிக்கும். செய்தியில் முதல் முறை வரும்போது 'ஹரேதிகள் எனப்படும் கடுநெறி யூதர்கள்' என்று எழுதிவிட்டு, அப்புறம் வெறுமனே 'ஹரேதிகள்' என்றே தொடரலாம்.