"வெறும் விளம்பரம்தானே" என்று கூப்பனைக் கிழித்துப் போடாதீர்கள்

நான் வக்கீல். போன வாரம் என்னிடம் வந்தவர், இதே புலம்பலோடு இந்த ஆண்டில் வந்த நான்காவது ஆள். கையில் இருந்தது ஓரம் வெட்டுப்பட்ட ஒரு போட்டோ மட்டும். பரிசுப் போட்டி விளம்பரம். கேட்ட எண்களையெல்லாம் சேர்த்து அனுப்பியிருக்கிறார். "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்று குறுஞ்செய்தியும் வந்திருக்கிறது. பிறகு ஒருநாள், "தொழில்நுட்பக் கோளாறு, திட்டம் கைவிடப்பட்டது" என்று நிறுவனம் சொல்லிவிட்டது. மனிதர் யாரையோ விசாரித்தார். அந்த மகானுபாவர், "விளம்பரமெல்லாம் சட்டப்படி ஒப்பந்தம் ஆகாது, விட்டுத்தள்ளு" என்றாராம். இவரும் விட்டுத்தள்ளினார். கூப்பன் குப்பைக்குப் போனது, செய்தி அழிந்தது. எட்டு மாதம் கழித்து, விடாமல் சண்டை போட்ட இன்னொருவருக்குப் பரிசு கிடைத்தது என்று கேள்விப்பட்டு என்னிடம் வருகிறார்.

அந்த "யாரோ" என் கையில் ஒருநாள் கிடைக்க வேண்டும். சட்டக் கல்லூரி முதலாண்டுப் பாடத்தில் பாதியைக் கேட்டுவிட்டு மீதியைத் தவறவிட்டவராகத்தான் இருப்பார். அந்தப் பாதி சரிதான். "இந்தப் பொருள் இந்த விலை" என்று வரும் சாதாரண விளம்பரம் முன்மொழிவு (எதிராளி ஏற்றாலே ஒப்பந்தமாகிவிடும் வாக்கு) ஆகாது, வாங்க வாருங்கள் என்ற அழைப்பு மட்டுமே. ஆயிரம் பேர் வந்து நின்றால் ஆயிரம் பேருக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எவரும் கடை நடத்த முடியாது. 1968இல் இங்கிலாந்தில் ஒருவர் பறவை விற்பதாக விளம்பரம் கொடுத்த வழக்கில் இதைத்தான் சொன்னார்கள்.

தவறவிட்ட பாதி இது: "இன்னதைச் செய்பவருக்கு இன்னது தருவோம்" என்று விளம்பரம் சொன்னால் கதை வேறு. அது உலகத்துக்கே வைக்கும் முன்மொழிவு. நீங்கள் கடிதம் போட்டு ஏற்க வேண்டாம், கையெழுத்து வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம். கேட்டதைச் செய்தாலே ஏற்றுக்கொண்டதாகும். 1872இன் இந்திய ஒப்பந்தச் சட்டம் 8ஆம் பிரிவில் இதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது. "கையெழுத்துப் போடலையே சார்" என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். பேருந்தில் ஏறி டிக்கெட் எடுக்கிறீர்களே, எங்கே கையெழுத்துப் போட்டீர்கள்?

இதற்கு நாங்கள் மனப்பாடமாகச் சொல்லும் வழக்கு கார்பாலிக் ஸ்மோக் பால். 1891இல் லண்டன் நிறுவனம் ஒன்று, மூக்கில் புகையை உறிஞ்சும் ரப்பர் பந்து ஒன்றை விற்றது. நாளுக்கு மூன்று முறை வீதம் இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம் என்று பத்திரிகையில் அறிவித்தது. கார்லில் என்ற பெண்மணி கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஒழுங்காகப் பயன்படுத்தினார். காய்ச்சல் வந்தது. பணம் கேட்டார். "வெறும் விளம்பரத் தம்பட்டம்" என்றது நிறுவனம். ஆனால் அதே விளம்பரத்தில், எங்கள் நேர்மைக்கு அடையாளமாக வங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருக்கிறோம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். தம்பட்டத்துக்கு எவராவது வங்கியில் பணம் கட்டுவார்களா? "ஏற்றுக்கொண்டேன் என்று எங்களுக்குத் தெரிவிக்கவே இல்லையே" என்றும் வாதாடினார்கள். தொலைந்த நாயைக் கண்டுபிடித்தால் பணம் என்று விளம்பரம் செய்தால், தேடப்போகும் ஒவ்வொருவரும் முதலில் உட்கார்ந்து சம்மதக் கடிதம் எழுத வேண்டுமா என்று கேட்டார் நீதிபதி போவன். 1892 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் நிறுவனம் தோற்றது.

இதைவிட எனக்குப் பிடித்தது பென்சில்வேனியா வழக்கு. 1987இல் ஒரு கோல்ஃப் மைதானத்தில், ஒரே அடியில் பந்தைக் குழியில் விழவைத்தால் இந்தக் கார் உங்களுக்கு என்று பலகை வைத்து, பக்கத்தில் காரையும் நிறுத்தியிருந்தார்கள். அது இரண்டு நாள் முன்பு நடந்த வேறொரு போட்டிக்கான பரிசு. பலகையை எடுக்க மறந்துவிட்டார்கள். அடுத்த போட்டிக்கு வந்தவர் பலகையைப் பார்த்தார், அடித்தார், பந்து குழிக்குள் போனது. மறந்தது உங்கள் தவறு, காரைக் கொடுங்கள் என்றது நீதிமன்றம்.

"அது திறமைக்குக் கிடைத்தது, என்னுடையது குலுக்கல்தானே" என்பார்கள் அடுத்து. குலுக்கலிலும் வாக்குறுதி உண்டு. பரிசுக்கு அல்ல, நியாயமான ஒரு வாய்ப்புக்கு. 1911இல் தீர்ப்பான இங்கிலாந்து வழக்கு ஒன்று: நடிகை தேர்வுப் போட்டியில் கடைசி 50 பேரில் வந்த பெண்ணுக்கு நேர்காணல் கடிதம் தாமதமாகக் கிடைத்தது. 12 பேருக்குத்தான் வேலை. தேர்வாகியிருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. இருந்தும், வாய்ப்பு பறிபோனதற்காக 100 பவுண்டு இழப்பீடு நிலைத்தது. உங்கள் சீட்டைப் பெட்டிக்குள்ளேயே போடவில்லை என்று நிரூபிக்க முடிந்தால் அதற்கும் விலை உண்டு.

இப்போது உங்களைத் திட்ட வேண்டிய இடம்.

நிபந்தனைகளை ஏன் ஐயா படிப்பதில்லை? நீங்கள் ஏற்றுக்கொண்டது கொட்டை எழுத்தை மட்டுமல்ல, கீழே எறும்பு ஊர்வதுபோல் இருக்கும் பொடி எழுத்தையும் சேர்த்துத்தான். 1992இல் பிலிப்பைன்ஸில் பெப்சி நடத்திய மூடிப் போட்டியில் வெற்றி எண் 349 என்று அறிவித்தார்கள். அந்த எண் தவறுதலாக லட்சக்கணக்கான மூடிகளில் அச்சாகியிருந்தது. கலவரமே மூண்டது. வழக்குகள் பல ஆண்டு இழுத்து, 2006இல் உச்ச நீதிமன்றம் நிறுவனம் பரிசு தர வேண்டியதில்லை என்றது. எண்ணோடு பாதுகாப்புக் குறியீடும் பொருந்த வேண்டும் என்று விதியில் இருந்தது. மூடி வைத்திருந்த அத்தனை பேரும் எண்ணைத்தான் பார்த்தார்கள்.

இன்னும் மோசமானது ஒன்று உண்டு. 1938இல் தீர்ப்பான இங்கிலாந்து வழக்கில், ஒரு கால்பந்துப் பந்தயக் கூப்பனில், இது கௌரவத்தை மட்டுமே நம்பியது, சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று அச்சடித்திருந்தார்கள். கூப்பன் அனுப்பினேன் என்றவர் தோற்றார். அவர் அனுப்பினாரா என்பதற்குள்ளேயே போக வேண்டியிருக்கவில்லை. அப்படி ஒரு வரி இருந்தால் என்னாலும் பெரிதாக ஒன்றும் கிழிக்க முடியாது. நுகர்வோர் சட்டம் பலமாக இருக்கும் நாடுகளில் வேறு வழி தேடலாம், அவ்வளவுதான்.

வேடிக்கை விளம்பரத்தையும் கட்டிக்கொண்டு வராதீர்கள். பெப்சி வாங்கினால் கிடைக்கும் புள்ளிகளில் 70 லட்சம் சேர்த்தால் போர் விமானம் என்று பெப்சி அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிண்டலாகச் சொன்னதை நம்பி, ஒருவர் புள்ளிகளுக்கு ஈடாக 7 லட்சம் டாலருக்குக் காசோலையே அனுப்பினார். நியாயமாக யோசிக்கும் எவரும் அதை நிஜமென்று எடுத்துக்கொள்ள மாட்டார் என்று 1999இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நிறுவனம் இதற்குள் விளம்பரத்தில் 70 கோடி என்று மாற்றிவிட்டிருந்தது!

கலந்துகொள்ளாத போட்டியில் பரிசு விழுந்ததாகச் செய்தி வந்து, வரி கட்டு, அனுப்புச் செலவு கட்டு என்றால், அது ஒப்பந்தமும் இல்லை, பரிசும் இல்லை, திருட்டு. காசு கட்டிவிட்டு என்னிடம் வராதீர்கள், நேரே போலீசுக்குப் போங்கள்.

மற்றவர்களுக்குக் கெஞ்சிக் கேட்கிறேன். கலந்துகொள்ளும் அன்றே விளம்பரத்தை முழுதாக, தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள். இணையத்தில் விதிகள் இருந்தால் அந்தப் பக்கத்தையும் சேமியுங்கள், மறுநாள் அது மாறியிருக்கும். கூப்பன், மூடி, ரசீது, உறை எல்லாவற்றையும் அசலாக வைத்திருங்கள். அசலை அனுப்பச் சொன்னால் நகல் எடுத்துவிட்டு, அத்தாட்சி கிடைக்கும் தபாலில் அனுப்புங்கள். கடைசித் தேதி ஒருநாள் தவறினாலும் போச்சு. போனில் பேசியதை உடனே மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். "ஆறுதல் பரிசு" என்று எதையாவது நீட்டி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால், அங்கேதான் உண்மையில் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது. படிக்காமல் போடாதீர்கள்.

நம் ஆளின் வீட்டில் பழைய போன் ஒன்று கிடக்கிறதாம். அதில் அந்தக் குறுஞ்செய்தி அழியாமல் இருக்கலாம் என்கிறார். சார்ஜரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.